கற்றதைக் கலைத்துச் சேர்த்தல்

மழை பொய்த்து, விவசாயத்தை நம்பிப் பிழைக்க வழியற்றுக் கிடந்த சிவகாசியிலிருந்து 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவரத்தான். ஆயினும், அந்த ஒரு வித்தையை வித்தாகக் கொண்டு, சில பத்தாண்டுகளுக்குள் இவ்வூரில் பட்டாசுத் தொழிலும், தீப்பெட்டி லேபிளுக்காகத் தோன்றிய அச்சுத் தொழிலும், அதன் வழியே காலண்டர்த் தொழிலும் கிளைத்துவிட்டன.

தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி மருந்தில் முக்குவார்கள். கம்பி மத்தாப்பு செய்யுமிடத்திலோ, கம்பிகளைச் சட்டத்தில் செருகி, குழம்பாகக் கரைத்த மருந்தில் முக்கி, உலரவைத்து, மறுபடியும் முக்குவார்கள். குச்சியின் ஸ்தானத்தில் கம்பி. தலையளவு மருந்தின் ஸ்தானத்தில் முக்கால்வாசி நீளத்துக்கு மருந்து. கற்றதை முழுசாக மட்டுமன்றிப் பகுதி பகுதியாகவும் நினைவிலிருந்து எடுக்கத் தெரிந்தவனுக்கே இத்தகைய ஒற்றுமை புலப்படும் என்பது என் துணிபு.

ஞாபகம் என்பது வைத்ததை வைத்தபடியே எடுத்துத் தரும் நெற்குதிர் அன்று, நினைக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுவது என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்ட்லெட் 1932-லேயே எழுதினார். மூளையின் உட்புறத்தே ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சேதமுற்று, நடந்தவற்றை நினைவுகூர இயலாதிருந்த சிலரிடம், வெண்மணற் கடற்கரையில் படுத்திருப்பதாகப் பாவித்து வர்ணிக்கும்படி லண்டன் ஆராய்ச்சியாளர்கள் கேட்டனர். பெரும்பாலோருக்குத் துண்டு துண்டான விவரங்கள் வந்தனவேயன்றி, ஒரு முழுக் காட்சி கூடிவரவில்லை என்று 2007-ல் தெரிவித்தனர். நேற்றை நினைக்க முடியாதவர்களுக்கு நாளையும் இல்லாமற்போயிற்று! மேடோர், ஆடிஸ், ஷாக்டர் ஆகிய உளவியல் அறிஞர் மூவரின் 2015-ஆம் ஆண்டு ஆராய்ச்சி இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று: தாம் பார்த்த ஒரு வீடியோவின் நுணுக்கங்களை விஸ்தாரமாக நினைவுகூர்ந்தவர்கள், அதன் பிறகு, சாதாரணப் பொருள்களுக்கு வழக்கத்தில் இல்லாத உபயோகங்களை, அவ்வாறு நினைவுகூராத வேளையைவிட அதிகமாகக் கண்டுபிடித்தனர்.

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்திலேயே முதலிடம் வகித்தது சிவகாசியை உள்ளடக்கிய எங்கள் விருதுநகர் மாவட்டம். அந்தப் பெருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பட்டாசு ஆபீசில் வேலை பார்ப்போர் வீட்டுப் பிள்ளைகள் பட்டதாரிகளானது மனப்பாடத்தின் தயவாலுந்தான். மனத்தில் ஒன்றுமே சேராதவனுக்குக் கலைத்துச் சேர்க்கவும் ஒன்றுமிராது. ஆனால், கேள்வி கேட்ட வரிசையிலேயே விடை வரவேண்டுமென்று வருஷக்கணக்காகப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு, அதே பாடத்தை வேறொரு வாசல் வழியாக அணுகச் சொன்னால் திகைப்பு உண்டாகிறது. அறிவு இருந்தும் அதைப் பெயர்த்தெடுக்கும் பழக்கம் அப்பிள்ளைக்கு வாய்க்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, வாரத்தில் ஒரு பாடவேளையைக் கற்றதைக் கலைத்துச் சேர்க்கும் பழக்கத்துக்கென ஒதுக்குங்கள். காலித் தீப்பெட்டியைக் கையில் கொடுத்து, இதைக் கொண்டு என்னென்ன செய்யலாமென்று கேளுங்கள். அதற்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.