வெடிமருந்துச் சுவடியை யாரோடு படிப்பது?

விருதுநகர் மாவட்டத்தின் இடைக்காலத்தைப் பற்றி இந்த இதழுக்குக் கட்டுரைகள் கேட்டிருந்தோம். வந்து குவிந்தவற்றில் பெரும்பகுதி ஆண்டாள்தான். குறையாகச் சொல்லவில்லை, ஆண்டாளைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. எருக்கங்குடிக் கல்வெட்டைப் பற்றி உருப்படியான கட்டுரை ஒன்று வந்தது. திருச்சுழி, பள்ளிமடம் கல்வெட்டுகளைத் தொட்டும் ஒருவர் எழுதியிருந்தார். ஆனால், காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்த பாண்டியன் கதைக்கு அப்பால் சிவகாசி எந்தக் கட்டுரையிலும் தலைகாட்டவே இல்லை.

காரணம் புரிகிறது. சிவகாசியின் வரலாறு 1923-இல் பிறந்ததாகவே எல்லோரும் எழுதிப் பழகிவிட்டோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியை அடுத்து மத்தாப்பு, அதற்குப் பிறகு வெடி. லேபிளுக்காக அச்சகம், அச்சகம் வந்ததும் காலண்டர். இந்த வரிசையில் தப்பில்லை. ஆனால் அது தொழிற்சாலையின் வரலாறு. வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் சேர்த்துக் குழாயில் இடித்து அடைத்து, இரும்புத்தூள் கலந்து பொன்னிறப் பொறி வரவழைக்கும் வித்தைக்குத் தொழிற்சாலையைவிட நானூறு ஆண்டு வயது அதிகம். அந்த நானூறு ஆண்டு நம்முடைய துறைக்குச் சொந்தமானது. அதைப் பொருளாதாரக்காரர்களுக்கும் தொழிலாளர் நலத் துறைக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பூனா பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் சுவடிக் காப்பாளராக இருந்த பி.கே. கோடே, 1400 முதல் 1900 வரை இந்தியாவில் வாணவேடிக்கை நடந்துவந்த கதையை ஒரு சிறு நூலாக 1953-இல் பெங்களூரில் வெளியிட்டார். கையடக்கமான புத்தகம். ஆனாலும் அதற்குப் பின் வந்தவர்கள் அதைச் சுற்றித்தான் வருகிறார்கள். 1443-இல் விஜயநகரத்தில் மகாநவமி பார்த்த ஹெராத் தூதர் அப்துர் ரசாக்கின் பாரசீகக் குறிப்பை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவர் கைக்கு வந்ததிலேயே பெரிய புதையல் கௌதுகசிந்தாமணி என்ற சமஸ்கிருத நூல். ஒடிசாவை 1497 முதல் ஆண்ட பிரதாபருத்ர கஜபதியின் பெயரில் வழங்குவது. வேடிக்கைகளையும் வித்தைகளையும் தொகுத்த அந்த நூலுக்குள் வாணங்கள் செய்யும் முறைகளும் இருக்கின்றன.

கஜபதி என்ற பெயரைக் கேட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1513-இல் உதயகிரியை முற்றுகையிட்டு, 1515-இல் கொண்டவீட்டைப் பிடித்து, சிம்மாசலம் வரை போய்க் கல்வெட்டுப் பொறித்த கிருஷ்ணதேவராயன் போரிட்டது இந்தப் பிரதாபருத்ரனோடுதான். அந்தப் படையெடுப்பின் நடுவே, கிருஷ்ணா ஆற்றங்கரை ஸ்ரீகாகுளத்தில் ஏகாதசி விரதம் இருந்த இரவில் ஆந்திர விஷ்ணு கனவில் வந்து, கோதையின் கதையைத் தெலுங்கில் பாடச் சொன்னதாக ராயனே தன் காவிய முகப்பில் எழுதுகிறான். அந்தக் காவியம் ஆமுக்தமால்யதா. கதை நடக்கும் ஊர் வில்லிபுத்தூர். கதைநாயகர்கள் பெரியாழ்வாரும் ஆண்டாளும். ஒரே போரின் இரு பக்கத்து அரசர்கள்: ஒருவன் பெயரில் சூடிக்கொடுத்தவளின் காவியம், இன்னொருவன் பெயரில் வாணம் செய்யும் சுவடி. இன்று அந்தக் காவியத்தின் ஊருக்கும் வாணத்தின் ஊருக்கும் நடுவே பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர்.

இது வெறும் தற்செயல்தான். கஜபதியின் சுவடியிலிருந்து சிவகாசிக்கு ஒரு குருபரம்பரையை இழுத்துக் கட்ட யாரும் முயலவேண்டாம். அப்படிக் கட்டுரை வந்தால் திருப்பி அனுப்பப்படும். ஆனால் ராயனின் காலத்தைப் படிக்கிறவன் காவியத்தை மட்டும் படித்துவிட்டு வாணத்தை விட்டுவிட முடியாது என்பதற்குச் சான்று அவன் அரண்மனையிலேயே இருக்கிறது. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்தில் இருந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் மகாநவமியை விவரிக்கும் இடத்தில், இரவில் விடப்பட்ட வாணங்களையும், எரிந்துகொண்டே வெடிகளை வீசும் கோட்டை வடிவங்களையும் சொல்கிறார். இராபர்ட் சீவெல் 1900-இல் வெளியிட்ட நூலின் வழியே அந்தக் குறிப்பு நமக்கெல்லாம் பழக்கமானது. பெண்களின் நகைக் கணக்குக்கும் யானைக் கணக்குக்கும் அதை மேற்கோள் காட்டாத ஆள் இல்லை. எரியும் கோட்டையை மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம்.

கௌதுகசிந்தாமணியின் பட்டியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கல்பவிருட்ச பாணம், சாமர பாணம், சந்திரஜோதி, சம்பா பாணம், புஷ்பவர்த்தி என்று வாணங்களுக்குப் பெயர்கள். சேர்மானங்களில் கந்தகம், கரி, யவக்ஷாரம், எஃகுத்தூள், இரும்புத்தூள், செம்புக் களிம்பு, அரிதாரம், காவி, ஆமணக்கு விதை, சோற்றுப்பசை, கோமியம். அடைப்பதற்கு மூங்கில் குழாய். சமஸ்கிருதம் மட்டும் தெரிந்தவருக்கு இது ஒரு மருந்துக்கடைச் சீட்டு. தொழில் தெரிந்தவருக்கு அப்படியில்லை. யவக்ஷாரம் என்றால் வைத்திய நூல்களில் வாற்கோதுமையைச் சுட்டெடுத்த சாம்பல் உப்பு. அதைக் கந்தகத்தோடும் கரியோடும் எவ்வளவு கலந்தாலும் புகையும், வாணமாகச் சீறாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருகிற சரக்கு அதில் இல்லை. அதனால் இந்த நூலில் அது வெடியுப்பாகத்தான் இருக்கமுடியும். கோடேயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இதை நிறுவ அகராதி போதாது, அடுப்பங்கரை வேதியியலாவது வேண்டும்.

எஃகுத்தூளையும் இரும்புத்தூளையும் நூல் தனித்தனியாகச் சொல்வதைக் கவனியுங்கள். கரி ஏறிய எஃகின் பொறி பறக்கும்போதே கிளைவிட்டுப் பூப்பூவாகப் பிரியும். வெறும் இரும்பின் பொறி அப்படிப் பிரியாமல் கோடாகப் போய் அணையும். பூச்சட்டிக்கும் கம்பி மத்தாப்புக்கும் தூள் பார்த்து வாங்குகிற எவருக்கும் இது தெரியும். பதினாறாம் நூற்றாண்டுத் தொகுப்பாளனுக்கும் தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்தவனிடம் கேட்டு எழுதியிருக்கிறான். ஆமணக்கு எதற்கு? வெடியுப்போடு சேர்ந்த இரும்புத்தூள் ஈரம் பட்டால் துருவேறிக் கெட்டுப்போகும்; அதைத் தடுக்க எண்ணெய் பூசி வைப்பது பிற்காலத் தொழில்முறை. சுவடியின் ஆமணக்கும் அதற்காகத்தானா, அல்லது பசைக்காகவா, எரிவதற்காகவா? பொட்டாசியம் குளோரேட்டும் பேரியம் உப்புகளும் வராத காலத்தில் செம்புக் களிம்பு போட்டால் கண்ணுக்கு எட்டுகிற பச்சை வருமா, இல்லை மங்கலான நீலச் சாயல்தானா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் இந்தியாவிலேயே மிக அதிகமாகக் குடியிருக்கும் தாலுகாக்களை வைத்துக்கொண்டு நாம் பதவுரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கம் ஓர் எச்சரிக்கையும் தேவை. வெடிமருந்து என்றாலே பழம்பெருமை பேசும் ஆசை நம்மிடம் சீக்கிரம் பற்றிக்கொள்கிறது. சென்னையில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பர்ட் 1880-இல் பண்டை இந்துக்களின் ஆயுதங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுக்ரநீதியில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்க்கும் முறை இருப்பதை வைத்து, துப்பாக்கி மருந்து இங்கே ஆதிகாலம் தொட்டே இருந்தது என்று வாதாடினார். பல தலைமுறைகள் அதை நம்பின. 1962-இல் லல்லன்ஜி கோபால், சுக்ரநீதி நம் கைக்கு வந்திருக்கும் வடிவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கம் என்று காட்டினார். நூலின் காலம் சரிந்ததும் அதன்மேல் எழுப்பிய கட்டடமும் சரிந்தது. போகர் பெயரிலும் பிற சித்தர்கள் பெயரிலும் வழங்கும் பாடல்களிலிருந்து வெடிக்குத் தொன்மை தேடி நமக்குக் கட்டுரை அனுப்புகிற நண்பர்கள் ஓப்பர்ட்டின் கதையை ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினால் நல்லது. கௌதுகசிந்தாமணிக்கும் இதே சோதனை பொருந்தும். அரசன் பெயர் ஏட்டில் இருப்பதாலேயே எல்லா முறைகளும் அவன் காலத்தவை என்று ஆகிவிடாது. இடைச்செருகல் உண்டா என்று பிரதிகளை ஒப்பிட்டுத்தான் சொல்லவேண்டும்.

ஐரோப்பாவில் இந்த வேலை வெகுதூரம் போய்விட்டது. சியனாக்காரர் பிரிங்குச்சோவின் பிரோடெக்னியா 1540-இல் அச்சேறியது. உலோகம் உருக்குவதில் தொடங்கும் அந்நூலின் பத்தாம் பகுதியில் திருவிழா வாணங்களும் உண்டு. அதையும் அதன் வழிவந்தவற்றையும் வைத்து சைமன் வெரட் 2010-இல் வாணவேடிக்கையின் அறிவியல் வரலாற்றை முழு நூலாக எழுதினார். பிரான்சின் துலூஸ் பகுதியில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு கைவினைக் குறிப்பேட்டை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பமேலா ஸ்மித் தலைமையில் ஒரு குழு மாணவர்களையும் கைவினைஞர்களையும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்து வைத்துப் படித்தது. 2020-இல் பதிப்பும் வந்துவிட்டது. வார்ப்பு, வண்ணம், அச்சு என்று குறிப்பேட்டில் உள்ளவற்றைச் செய்தே பார்த்தார்கள்.

செய்து பார்ப்பது என்ற இடத்தில் நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை மறந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. சிறியதும் பெரியதுமாக விபத்துகள் இன்றும் நிற்கவில்லை. பழஞ்சுவடி மருந்தைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கலந்து பார்க்கும் உற்சாகத்துக்கு இந்த இதழில் இடமில்லை. அளவுகளையும் அச்சிடமாட்டோம். நமக்கு வேண்டியது வாசிப்பு. உரிமம் பெற்ற ஆலையில் நாற்பது ஆண்டு போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை உட்காரவைத்து, பட்டியலை வரிவரியாகச் சொல்லி, இது எதற்கு என்று கேட்பது. அவருக்கு அதற்குரிய ஊதியம் கொடுப்பது. கட்டுரையில் அவர் பெயரை, அவர் சம்மதித்தால், நன்றியுரையின் கடைசி வரியில் ஒட்டாமல் ஆசிரியர் பெயரோடு சேர்த்துப் போடுவது. தகவலாளி என்று பெயர் வைத்து ஆளை மறைக்கும் பழக்கம் நாட்டார் வழக்காற்றியலிலிருந்து நம்மிடமும் தொற்றியிருக்கிறது, அது தொலையட்டும்.

தெரிந்தவரோடு சேர்ந்து படியுங்கள் என்பதையே ஆண்டாள் கட்டுரைகளுக்கும் சொல்வேன். ஆமுக்தமால்யதாவைத் தொட்ட கட்டுரை ஒன்றும் வரவில்லை. அதன் தொடக்கத்தில் வில்லிபுத்தூர் வயல்களைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வாய்க்காலில் வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகின்றன. அந்தணர்கள் குளித்துவிட்டு மறந்துபோன துணிச்சுருள் என்று எண்ணிக் காவற்காரர்கள் எடுத்துக்கொடுக்க இறங்க, வாத்துகள் படபடவென்று எழுந்து பறக்கின்றன. நெற்காவல் பெண்கள் சிரிக்கிறார்கள். ராயன் இந்த ஊரை எப்படிக் கற்பனை செய்தான் என்பதற்கு மட்டுமல்ல, கண்மாய்ப் பாசன ஊரை நன்கறிந்த ஒரு கண்ணுக்கும் இது சான்று. ஸ்ரீனிவாஸ் ரெட்டியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-லேயே வந்துவிட்டதால், தெலுங்கு தெரியாது என்ற சாக்கும் இப்போது பாதிதான் செல்லும்.

காலக்கணிப்பிலும் இதே கதை. பெரியாழ்வாருக்குப் பொற்கிழி தந்த பாண்டியனை மரபு வல்லபதேவன் என்கிறது. பலர் அவனை ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்று கொள்கிறார்கள். திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பைக் கணித்து மு. இராகவையங்கார் 731 என்றார். ராயனோ அந்தப் பாண்டியனுக்கு மத்ஸ்யத்வஜன் என்று பெயரிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறான். ஸ்ரீவல்லபன் காலத்தில் இதே மாவட்டத்தில் எட்டி சாத்தன் என்ற இருப்பைக்குடி கிழவன் குளம் வெட்டிக் கோயில் எடுத்ததைச் சாத்தூர்ப் பக்கத்து எருக்கங்குடி வட்டெழுத்துக் கல் சொல்கிறது. பாசுரம், குருபரம்பரை, வட்டெழுத்து, தெலுங்குக் காவியம் நான்கையும் ஒரே மேசையில் பரப்பிய கட்டுரை இன்னும் நம் கைக்கு வரவில்லை. வைணவ உரைகாரர்களுக்குக்கூட இந்தப் பொறுமை இருந்தது. பெரியவாச்சான் பிள்ளையின் பெரியாழ்வார் திருமொழி உரையில் பெரும்பகுதியைச் செல்லரித்துவிட, மணவாள மாமுனிகள் விடுபட்ட பகுதிக்கு மட்டும் உரை எழுதி, பழைய உரை மிஞ்சியிருந்த சொல்லில் வந்து கச்சிதமாகச் சேர்த்ததாகச் சொல்வார்கள். தன் உரைநடையின் மிடுக்கைக் காட்ட அவர் முழுவதையும் புதிதாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

அடுத்த இதழுக்கு இரண்டு வகைக் கட்டுரைகளை எதிர்பார்க்கிறோம். முதலாவது, வாணவேடிக்கை பற்றிய ஏதாவது ஒரு மூலப்பகுதி: சமஸ்கிருதமோ பாரசீகமோ போர்த்துக்கீசியமோ மராத்தியோ, ஒரு பக்கம் போதும். மூலம், தமிழாக்கம், தொழில் தெரிந்தவரின் குறிப்பு மூன்றும் இருக்கவேண்டும். ஆக்கியவர்கள் குறைந்தது இருவராக இருக்கவேண்டும். இரண்டாவது, ஆமுக்தமால்யதாவின் வில்லிபுத்தூர்ப் பகுதியைத் தமிழ் உரைமரபோடு ஒப்பிடும் கட்டுரை. தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் இராசபாளையத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்த் துறை நண்பர்கள் போய்க் கதவைத் தட்டுங்கள். பட்டாசு ஆலைகளில் பேசப் போகிறவர்கள் ஐப்பசிக்கு முந்தைய மாதங்களில் போகவேண்டாம். சீசன் நேரத்தில் அங்கே யாருக்கும் பேச நேரமிருக்காது. தீபாவளி கழிந்து ஆட்கள் ஓய்வாக இருக்கும் வாரங்களில் போனால் பொறுமையாகச் சொல்வார்கள்.