கோமாரியில் ஒரு தரிப்பிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கரையோரச் சுற்றுலா பற்றிய தங்கள் கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கரையோரப் பாதையில் குடும்பத்தோடு போகிறவர்களின் முதல் கஷ்டத்தை அது சொல்லவில்லை.

பெருநாள் விடுமுறையில் வேனின் பின் ஆசனங்களைக் கழற்றி, மெத்தை விரித்து, கேஸ் அடுப்பும் சோற்றுப் பானையுமாகக் கல்முனையிலிருந்து அறுகம்பைக்குப் புறப்பட்டோம். நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று வரை ஊருக்கு ஊர் பள்ளிவாசல், கவலையில்லை. திருக்கோவில் தாண்டிக் கோமாரிப் பக்கம் போகப் போகக் கடலும் வயலும் பற்றையும்தான். அழகுக்குக் குறைவில்லை. எழுபது வயது உம்மாவுக்கு ஒதுங்கத்தான் ஓரிடம் இல்லை. வழியில் ஓர் எரிபொருள் நிலையத்தில் மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. கடைசியில் தாழம்புதருக்குப் பின்னால் என் மகள்மார் இருவரும் படுக்கை விரிப்பைப் பிடித்து நின்றார்கள். வேனுக்குத் திரும்பியபோது உம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அறுகம்பை வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவருக்கு விடுதிகள் உண்டு. வழியில் சமைத்துச் சாப்பிட்டுப் போகும் நம் குடும்பங்களையும் நினைக்க வேண்டும். கோமாரியில் வேன் நிறுத்த நிழல், பெண்களுக்குத் தனி மலசலகூடம், வுழூச் செய்யத் தண்ணீர் ஆகியவற்றோடு ஒரு தரிப்பிடத்தைப் பிரதேச சபை அமைக்கட்டும். சிறு கட்டணம் வாங்கி, பராமரிப்பை அவ்வூர்ப் பெண்களிடமே ஒப்படைக்கலாம்.

வாசகி,
கல்முனை