முடி நட நாற்பது வயசு ஆகட்டும்

மீஞ்சூர்ல யாருக்கு முடி கொட்டினாலும் முதல் குற்றவாளி தண்ணிதான். "போர் தண்ணி உப்பு, அதான்" என்று டீக்கடையில் இருந்து கல்யாண வீடு வரை ஒரே தீர்ப்பு. உப்பு என்னவோ நிஜம். வருஷக்கணக்கா நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்ததில் கடல்தண்ணி உள்ளே புகுந்துவிட்ட ஊர் இது. ஆனா கொஞ்சம் யோசிங்க. அதே தண்ணியைத்தானே பின்மண்டையிலும் ஊத்துறோம்? அங்கே மட்டும் முடி காடு மாதிரி நிக்குதே, எப்படி?

விஷயம் டிஹெச்டி என்கிற ஹார்மோன். முன்நெற்றி, உச்சி மண்டையில் இருக்கும் வேர்களை அது மெல்ல மெல்லச் சுருக்கிடும். அந்தக் குணம் பரம்பரையா வர்றது. பின்மண்டை வேர்களை அது அவ்வளவா சீண்டுறதில்லை. பின்னாடி இருந்து எடுத்து முன்னாடி நட்டாலும் அந்த வேர் தன் பழைய குணத்தோடவே இருக்கும் என்று நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959ல் எழுதினார். இன்றைக்கு வரும் அத்தனை 'ஹேர் டிரான்ஸ்பிளான்ட்' விளம்பரத்துக்கும் அஸ்திவாரம் அதுதான்.

சரி, அப்போ உடனே போய்ப் பண்ணிக்க வேண்டியதுதானே? எனக்கும் நெற்றி ஏறிக்கிட்டேதான் போகுது. ஜாதகத்தோட போட்டோவும் கேட்கிறாங்க. "கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுடுப்பா" என்று சித்தப்பா வேற. ஆனாலும் பண்ணினா நாற்பதுக்கு மேலதான் என்பது என் கட்சி.

காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்டாக் கம்மி! பின்மண்டையில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஆயுசுக்கும் சேர்த்து சில ஆயிரம் வேர்தான் கையிருப்பு. இருபத்தேழு வயசில் அதை எடுத்து நெற்றியில் நட்டாச்சுன்னு வைங்க. நட்டது நிக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கிற சொந்த முடி கொட்டுறதை யார் நிறுத்துவா? மாத்திரை, மினாக்ஸிடில் என்று விடாம ஓட்டணும். விட்டா, நாற்பத்தஞ்சில் உச்சி மொத்தமும் காலி, முன்னாடி மட்டும் ஒரு கொத்து. பழவேற்காடு ஏரி நடுவுல தீவு தெரியுமே, அந்த மாதிரி :-) அதைச் சரிபண்ண ஸ்டாக் இருக்காது. நாற்பதுக்கு மேல போனா எது போகும், எது நிக்கும் என்று ஓரளவு தெரிஞ்சிடும். இருக்கிறதை அளந்து நடலாம்.

கல்யாண அவசரத்துக்கும் இது உதவாது. நட்ட முடி முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துல பெரும்பாலும் உதிர்ந்துடும். மறுபடி முளைச்சு முழுசா தெரிய ஒரு வருஷம் ஆகும். தை மாசம் பண்ணிக்கிட்டு சித்திரையில் தாலி கட்டினா ஆல்பத்தில் இருக்கப் போறது பழைய நெற்றிதான்.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். 2016 மே மாசம் சென்னையில் மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருத்தர், 22 வயசு, முடி நடப் போய் உயிரை விட்டார். அந்த இடத்துக்கு சலூன் நடத்தத்தான் லைசென்ஸ் இருந்ததுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. டாக்டருக்குப் படிச்ச பையனுக்கே அந்தப் போர்டைப் பார்த்துச் சந்தேகம் வரல. அவசரம் அப்படி. யூடியூப் பார்த்தெல்லாம் இதைக் கத்துக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022ல் வழிகாட்டுதல் எழுத வேண்டி வந்ததுன்னா நிலைமையைப் பார்த்துக்கோங்க. அப்புறமும் 2025ல் கான்பூரில் இதே மாதிரி சாவு செய்தி. போனவர் ஒரு இன்ஜினியர்.

"ரஜினியே வழுக்கையோட வெளியே வர்றார், உனக்கென்ன?" என்று ஆறுதல் சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. அவருக்குப் பொண்ணு பார்க்கிற வேலை எப்பவோ முடிஞ்சாச்சு சாமி! வழுக்கை பிரச்சினையே இல்லைன்னு நான் சொல்ல வரல. கண்ணாடியைப் பார்க்கும்போது வலிக்கத்தான் செய்யுது. இந்த வருஷத்து வலிக்காக, இருக்கிற ஒரே ஸ்டாக்கை இந்த வருஷமே காலி பண்ண மாட்டேன். அவ்வளவுதான். போட்டோ பார்த்து வேணாம்னு சொல்ற வீடு சொல்லிட்டுப் போகட்டும்.

டிஸ்கி: ஹெல்மெட் போட்டா வழுக்கை விழுமான்னு கேட்கப் போறவங்களுக்கு... விழாது. தாராளமா போடுங்க.