தொழுகையில் நிற்கையில் வண்டியின் நினைவு

ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் தெருவில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து அமர்கிறோம். இமாம் குத்பா நிகழ்த்துகிறார். நம் நெஞ்சமோ, பக்கத்தில் நிற்கும் பைக்கின் கைப்பிடி கதவில் உரசிவிடுமோ என்று வாசலிலேயே நின்றுவிடுகிறது. பொருளைப் பேணுவது குற்றமன்று. அதுவும் ஓர் அமானிதமே. (அந்தக் கார் வட்டிக் கடனில் வந்ததா என்பது வேறு பேச்சு.)

கோலமிட்ட ஓர் ஆடையை அணிந்து நபி (ஸல்) அவர்கள் தொழுதபோது, அக்கோலங்கள் அவர்களின் கவனத்தை ஈர்த்தன. தொழுது முடித்ததும் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்த கோலமற்ற ஆடையைக் கொண்டுவரச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது. கண்முன் இருந்த துணியையே அவர்கள் அகற்றினார்கள். நாமோ சுவருக்கு அப்பால் நிற்கும் வண்டியை ஸஜ்தாவிலும் சுமக்கிறோம்.

சற்றுத் தொலைவில் நிறுத்தி நடந்து வரலாம். பள்ளியை நோக்கி வைக்கும் அடிகளுக்கு நன்மை உண்டென அறிந்தும், கீறல் விழாத இடம் தேடி அண்டை வீட்டு வாசலை அடைத்து நிறுத்துவோர் நம்மிடையே இல்லையா?

உரசிவிட்டு நழுவுவோருக்கும் ஒரு சொல். தவறுதலாக நேர்ந்தாலும் பிறர் பொருளின் சேதத்துக்கு ஈடு கொடுப்பது கடமை; அடியாரின் உரிமை வெறும் இஸ்திஃபாரால் தீராது. தொலைபேசி எண்ணை எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டுச் செல்ல வேண்டும். அப்படி எழுதி வைத்தவரிடம், மேற்பூச்சில் மட்டும் விழுந்த கீறல் பெரும்பாலும் பாலிஷிலேயே மறைந்துவிடும் என்பதை உரிமையாளரும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவு முழுவதற்கும் புதிதாக வண்ணம் பூசும் தொகையை அவரிடம் கேட்பது நேர்மையாகாது.