உள்ளங்காலின் சிறு தசைகள்

எங்கள் பள்ளிவாசல் ஹவுளடியில் வுழூச் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் பாதத்தைச் சென்ற மாதம் தற்செயலாகக் கவனித்தேன். விரல்கள் அடியில் மேலெழுந்து, நுனியில் வளைந்து, பறவையின் கால்போல் நிலத்தைக் குத்திக்கொண்டிருந்தன. கேட்டதற்கு, "சீனி வருத்தம் பதினைந்து வருஷமா இருக்கு மௌலவி, ஆனா காலில நோவே இல்ல" என்று ஆறுதலாகச் சொன்னார்.

என்னிடம் ஓதிப் படித்து இன்று வைத்தியராக இருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நோவில்லை என்பதுதான் பயம் ஹஸ்ரத்" என்றவர், ஒரு தாளில் பாதத்தைக் கீறிக் காட்டினார். அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பாதத்தை அசைக்கும் தசைகள் இரு வகைப்படும். ஒரு வகை, முழங்காலுக்குக் கீழே இருந்துகொண்டு நீண்ட தசைநாண்களைப் பாதத்துக்கு அனுப்புபவை. குதிகாலைத் தூக்கும் கெண்டைத் தசை இவ்வகை. மற்றவை பாதத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் சிறு தசைகள். புறங்காலில் உள்ள ஒன்றிரண்டைத் தவிர ஏனையவை உள்ளங்காலில் நான்கு படைகளாக அடுக்கப்பட்டுள்ளன.

தோலுக்கு அண்மையிலுள்ள முதற் படையில் மூன்று தசைகள். இரண்டாம் படைதான் என்னை வியக்க வைத்தது. விரல்களை மடக்கும் நீண்ட தசைநாண் கணுக்காலின் உட்புறமாக வந்து பாதத்தைச் சாய்வாகக் கடக்கிறது. அது தனியே இழுத்தால் விரல்கள் கோணலாக மடங்கும். குதிகால் என்பிலிருந்து வரும் சதுரமான ஒரு தசை அந்த நாணைப் பின்னால் பிடித்து, இழுவையை நேராக்குகிறது. அதே நாண்களிலிருந்து புழுவைப் போன்ற நான்கு மெல்லிய தசைகளும் புறப்படுகின்றன. மூன்றாம் படை பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரியது. நான்காம் படையில், என்புகளின் இடைவெளிகளில், ஏழு தசைகள். கையிலும் இதே போன்ற அமைப்பு உண்டு. ஆனால் கையில் நடுவிரலை மையமாக வைத்து விரல்கள் விரிகின்றன, காலிலோ இரண்டாம் விரலை மையமாக வைத்து.

புழுத் தசைகளும் இடைவெளித் தசைகளும் சேர்ந்து விரலை அடியில் மடக்கி, நுனியை நேராக வைத்திருக்கின்றன. அதனாலேயே விரல் தட்டையாக நிலத்தில் பதிகிறது. சீனி வருத்தம் நீண்ட நரம்புகளை அவற்றின் நுனியிலிருந்தே கெடுக்கத் தொடங்குகிறது. பாதத்தின் உணர்ச்சியும் இச்சிறு தசைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே தேய்கின்றன. அப்போது மேலிருந்து வரும் நீண்ட நாண்களைத் தடுக்க ஆளில்லை. விரல் அடியில் மேலெழும்பும், நுனி வளையும். முன்பாதத்துக்கு மெத்தையாக இருந்த கொழுப்பு விரல்களை நோக்கி நகர்ந்துவிட, என்பு முனைகள் நேரே தோலை அழுத்தும். தோல் தடிக்கும், அதன் கீழே புண் உண்டாகும். நோவு தெரியாது.

தொழுகை இருப்பில் வலக்கால் விரல்களைக் கிப்லாவை நோக்கி ஊன்றவில்லை என்று இந்தப் பெரியவரை நான் ஒருமுறை திருத்தியிருக்கிறேன். அசட்டை என்று நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

வுழூவில் கால்விரல்களுக்கு இடையே கையால் கோதுகிறோமல்லவா? அந்நேரம் கண்ணாலும் ஒருமுறை பாருங்கள்: சிவப்பு, தடிப்பு, வெடிப்பு ஏதும் உண்டா என்று. உம்மா வாப்பாவின் உள்ளங்காலை அவர்களால் குனிந்து பார்க்க முடியாது, பிள்ளைகள் பார்க்கட்டும். தடித்த தோலை வீட்டில் பிளேட்டால் சீவ வேண்டாம். சுடுநீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள். ஜும்ஆவுக்கு வந்து நண்பகல் வெயிலில் பள்ளி முற்றத்தை வெறுங்காலுடன் கடப்பவர்களுக்கும் இது பொருந்தும். கொதிக்கும் தரை அவர்களுக்குத் தெரியாது.

பெரியவரை மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். பெருவிரலின் அடியில் தடித்திருந்த தோலை வைத்தியர் மெல்லச் சீவியபோது உள்ளே ஈரமாக ஒரு புண் இருந்தது. "இது எப்ப வந்தது?" என்று பெரியவர் எங்களிடம் கேட்டார். மருந்து கட்டி, இரண்டு நாளைக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். மகன் கூட்டிப் போகிறார்.