வாங்கும் கணினியும் பொருத்தும் கணினியும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டையும் செய்து பார்த்துக் களைத்த நடுத்தரக் குடும்பத்தாருக்கு இக்காலத்தில் மூன்றாவது சோதனையொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. உயர்தர வகுப்பிற் சேர்ந்த மகனோ மகளோ ஒரு நாள் மாலை வந்து, "அப்பா, எனக்கொரு கணினி வேண்டும்" என்று கேட்கும்போது அச்சோதனை தொடங்குகின்றது. கையிலிருப்பதோ சீட்டுக் கட்டிச் சேர்த்த சிறு தொகை. அதனைக் கொண்டு கடையில் ஆயத்தமாக விற்கும் மலிவான மேசைக் கணினியொன்றை வாங்குவதா? அன்றி, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலே பொருத்திக் கொள்வதா?

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இது பற்றி இரு கட்சிகள் உண்டு. "பொருத்தினால் பாதிப் பணம் மிச்சம்" என்பது இளைஞர் கட்சி. "வாங்கினால் தலையிடி இல்லை" என்பது முதியோர் கட்சி. இரு கட்சியாரும் பணத்தையும் தலையிடியையும் பற்றியே பேசுகின்றனர். இவ்விரண்டிலும் பெரியதொன்று இவ்விவாதத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஆயினும் பணத்தின் கணக்கை முதலிற் பார்த்துவிடுதல் நன்று.

விலைக் கணக்கு

மேசைக் கணினியின் உடல் சில உறுப்புகளால் ஆனது. கணிக்கும் வேலையைச் செய்வது முறைவழியாக்கி. ஏனைய உறுப்புகளை ஒன்றோடொன்று இணைப்பது தாய்ப்பலகை. வேலை நடக்கும்போது மட்டும் தரவுகளை வைத்திருப்பது நினைவகம். மின் நின்ற பின்னும் அவற்றைக் காப்பது எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம். வீட்டு மின்னை இவற்றுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பது மின்வழங்கி. கடைக்காரர் மொழியில் "பவர் சப்ளை". இவையெல்லாம் குடியிருக்கும் வீடு உலோகப் பெட்டி.

இவ்வுறுப்புகளைத் தனித்தனியே வாங்கினாற் பாதிப் பணம் மிஞ்சும் என்பது, மிகக் குறைந்த விலையிலுள்ள கணினிகளைப் பொறுத்தவரையில், உண்மையன்று. இலட்சக் கணக்கில் முறைவழியாக்கிகளைக் கொள்வனவு செய்யும் பெரிய கொம்பனிக்குக் கிடைக்கும் விலை, ஒன்றே ஒன்றை வாங்கும் நமக்குக் கிடைக்காது. ஆயத்தக் கணினியின் விலையில் விண்டோஸ் பெரும்பாலும் அடங்கியிருக்கும்; பொருத்துபவர் அதனைத் தனியே வாங்கவேண்டும், அல்லது இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸை நாடவேண்டும். சித்திர வேலைக்கும் விளையாட்டுக்குமென வலிமையான கணினி தேடுவோருக்கே பொருத்துவதன் இலாபம் நன்கு புலப்படும். கட்டுரை எழுதவும், நிரலாக்கம் பழகவும், இணையவழிப் பாடம் கேட்கவும் வேண்டிய மாணவருக்கு விலையில் ஆயத்தக் கணினி சமமாக நிற்கும். சில வேளை வெல்லவுஞ் செய்யும். இந்த அளவில் முதியோர் கட்சி சொல்வது சரியே.

இரண்டையும் மிஞ்சும் மூன்றாவது வழியொன்றும் உண்டு. அஃது அலுவலகங்கள் பாவித்துக் கழித்த கணினி. இதனை வாங்குவோர் ஒரு செய்தியை அறிந்திருத்தல் வேண்டும். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு முடிவடைந்தது. விண்டோஸ் 11, இன்டெல் முறைவழியாக்கிகளிற் பொதுவாக 2017 இல் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே முறைப்படி ஏற்கின்றது. அதற்கு முந்திய கணினிகள் மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸ் போதுமென்பவருக்கு அவை நல்ல பேரம்; விண்டோஸை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்.

விலை என்பது ஓரிடத்தில் நிற்பதுமன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2025 இன் பிற்பகுதியிலோ, செயற்கை நுண்ணறிவுக்கெனக் கட்டப்பட்ட தரவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டமையால் அதன் விலை உலகெங்கும் ஏறியது. இத்தகைய காலத்திற் பொருத்தப்பட்ட கணினிக்கு ஒரு வசதியுண்டு. இன்று எட்டு கிகாபைற் நினைவகத்தோடு தொடங்கி, அடுத்த சீட்டு விழும்போது இன்னும் எட்டைச் சேர்க்கலாம். சிறுகச் சிறுகக் கட்டிய நமது வீடுகளைப் போன்றது அது.

விலைச் சீட்டில் எழுதாதது

இனி, விலைச் சீட்டில் எழுதப்படாத செய்திக்கு வருவோம். இதனை நான் நூல்களிற் கற்கவில்லை. பணத்தைக் கொடுத்துக் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கென்று ஆயத்தக் கணினியொன்றை வாங்கினேன். சிறிய, அழகிய பெட்டி, ஓராண்டு உத்தரவாதம். இரண்டாம் ஆண்டின் ஐப்பசி இடிமழையில் அது ஓய்ந்து போயிற்று. திருத்துபவரிடம் கொண்டு சென்றேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து, மின்வழங்கி மாத்திரமே கெட்டது, மற்றவை யாவும் நலம் என்றார். எனக்குப் பெரு மகிழ்ச்சி. ஆனால் அவர் தலையை அசைத்தார். "சேர், இது அவையின்ரை சொந்த அளவு. வெளியிலை எடுக்கேலாது."

பெட்டியின் வடிவத்துக்கென்றே செய்யப்பட்ட மின்வழங்கி அது. தாய்ப்பலகையோடு அதனைப் பொருத்தும் முனையும் வேறாக இருந்தது. யாழ்ப்பாணத்திலும் கிடைக்கவில்லை, கொழும்பில் விசாரித்தும் பயனில்லை. கடையாணி முறிந்ததற்காக வண்டியையே எறியும் நிலை எனக்கு நேர்ந்தது. அதே இடிமழையில், அடுத்த ஒழுங்கையிலுள்ள மாணவனொருவன் தானே பொருத்திய கணினியின் மின்வழங்கியும் கெட்டது. அவன் மறுநாள் பட்டணத்திற் புதியதொன்றை வாங்கி வந்து, நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பூட்டி, மாலையில் படிக்கத் தொடங்கிவிட்டான்.

அவனுக்கு இயன்றது எனக்கு ஏன் இயலவில்லை? அவனுடைய உறுப்புகள் பொது அளவின. என்னுடையது தனியொருவரின் அளவினது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வெளியிட்டது. தாய்ப்பலகையின் திருகாணித் துளைகள் எங்கெங்கு அமையவேண்டும், மின்வழங்கியின் முனை எவ்வாறிருக்க வேண்டும் என்பனவற்றை அது வரையறுத்தது. ஒருவர் செய்த பலகை இன்னொருவர் செய்த பெட்டியிற் பொருந்துவது இதனாலேயே.

இதற்கும் முந்திய கதையொன்று உண்டு. 1975 சனவரியில் "பொப்யுலர் எலெக்ரோனிக்ஸ்" என்னும் அமெரிக்கச் சஞ்சிகையின் அட்டையில் "அல்ரெயர் 8800" என்ற சிறு கணினியின் படம் வெளிவந்தது. வாங்குபவர் தாமே பற்றாசு வைத்துப் பொருத்திக் கொள்ளும் உறுப்புத் தொகுதியாகவும் அது விற்கப்பட்டது. 1981 ஓகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி, பெரும்பாலும் வெளிச் சந்தையிற் கிடைத்த உறுப்புகளாலேயே ஆக்கப்பட்டது; அதன் தொழினுட்ப விவரங்களும் நூலாகவே விற்கப்பட்டன. அதனாற் பிறரும் அதற்கொத்த கணினிகளைச் செய்யலாயினர், போட்டி மிகுந்தது, விலை இறங்கியது. கணினி நம் போன்றோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததற்கு, பெட்டி திறந்திருந்தமை ஒரு பெருங் காரணம். இன்று அதே பெட்டியைச் சிலர் தத்தம் அளவுகளாற் பூட்டி வைக்கின்றனர். மலிவாக வாங்குபவர் அப்பூட்டின் விலையை இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ கொடுக்கிறார்.

அறிந்த கை

என் வீட்டுக் கதை அத்துடன் முடியவில்லை. நான் புதிய கணினிக்குப் பணம் தேடிக் கொண்டிருக்கையில், "மற்ற உறுப்புகள் பிழையில்லைத்தானே அப்பா?" என்று மகள் கேட்டாள். முறைவழியாக்கியையும் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் கழற்றியெடுத்து, அவற்றுக்கேற்ற பொது அளவுத் தாய்ப்பலகையொன்றும் பெட்டியும் மின்வழங்கியும் மாத்திரம் வாங்குவித்தாள். ஓர் இரவு முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசை தொழிற்சாலையாயிற்று. முதன்முறை மின் கொடுத்தபோது விசிறி சுழன்றது. திரை இருண்டே கிடந்தது. எனக்கு நெஞ்சு பதைத்தது. அவளோ மின்னை நிறுத்தி, ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே வந்து, நினைவகத் துண்டு ஒரு முனையிற் சரியாக இறங்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். அழுத்தினாள்; திரை ஒளிர்ந்தது. பழைய விண்டோஸ் உரிமம் பழைய தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் அது செல்லவில்லை, லினக்ஸை நிறுவினாள். அன்று அவள் கற்றது எந்தப் பரீட்சையிலும் வினவப்படாத பாடம்: பழுது என்பது விதியன்று, அது காரணமுள்ளது, காரணத்தைத் தேடலாம் என்பது.

இப்பாடம் நமக்குப் புதியதன்று. 1990 களிற் பொருளாதாரத் தடையும் இருளும் சூழ்ந்த யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டியை ஓட்டியவர்கள் நாம். வறுமையும் போரும் கற்பித்த அக்கைத்திறனை மீண்டும் பெறுவதற்கு இன்னொரு துன்பகாலம் வரவேண்டுமென்று எவரும் விரும்பார். ஆனால் அமைதிக் காலத்திற் பள்ளிக்கூடம் அதனைக் கற்பிக்கலாமன்றோ?

பள்ளிக்கூடத்தில் நடப்பது வேறு. தாய்ப்பலகையின் படத்துக்கு உறுப்புப் பெயரெழுதி முழுப்புள்ளி பெறும் மாணவர் பலர், அப்பலகையைக் கையால் தொட்டறியாதவர். அதே பாடசாலையின் ஒரு மூலையில் இறந்த கணினிகள் தூசு படிந்து அடுக்கப்பட்டிருக்கும். அவை இடாப்பிலுள்ள பொருட்கள். எவராவது திருகாணியைத் தொட்டால், பொருட்கணக்கெடுப்பின்போது அதிபர் பதில் சொல்லவேண்டும். ஆகவே கணினியும் கற்பிப்பதில்லை, மாணவரும் கற்பதில்லை. முறைப்படி கழிக்கப்பட்ட கணினிகளை ஏலத்துக்கு அனுப்புமுன், அவற்றிற் சிலவற்றையாவது மாணவர் பிரித்துப் பூட்டிப் பழகுவதற்கென ஒதுக்கிவைப்பதற்கு அதிகாரிகள் வழி செய்தல் வேண்டும். சிறப்பாக, "நீ தொடாதே, அண்ணா பார்ப்பான்" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்படும் நம் பெண்பிள்ளைகளின் கையில் அந்த "ஸ்குரூ டிரைவர்" கொடுக்கப்படல் வேண்டும்.

அப்படியாயின் முதலிற் கேட்ட கேள்விக்கு விடை யாது? பொருத்தத் தெரிந்தவரோ, தெரிந்தவர் துணையுள்ளவரோ பொருத்துக. அதனாற் பெறும் அறிவு பணத்திலும் பெரிது. நாளைக்கே வேலை தொடங்க வேண்டியவரும், ஒரே உத்தரவாதச் சீட்டை நாடுபவரும் வாங்குக, அதிற் குறைவொன்றுமில்லை. ஆனால் வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் மின்வழங்கி பொது அளவினதா? நினைவகத்துக்கு இன்னோர் இடம் வெறுமையாக உள்ளதா? பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா? இவற்றுக்கு நேரான விடை தருபவரிடம் சில ஆயிரம் ரூபா கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

இடி முழக்கம் ஆண்டுதோறும் வரும். அதற்கு முன்னரேயே பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.