டயர் பேசாத கேமுக்கு எதுக்குய்யா கிராபிக்ஸ் கார்டு?

ரேஸிங் சிமுலேஷன் கேம் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது யூடியூப் வீடியோவைத்தான். கண்ணாடியில் மழைத்துளி எப்படி வழிகிறது, பானட்டில் சாயங்கால வெயில் எப்படி மின்னுகிறது... "செம ரியலா இருக்கு மச்சி!" தீர்ப்பு முடிந்தது. அந்த ஒரு கேமுக்காகவே புதுசா கிராபிக்ஸ் கார்டும் வாங்கியாகிவிடும். அப்புறம் ஓட்டுவது எதில்? கீபோர்டில்!

வீடியோவில் தெரிவது படத்தின் நிஜம். காரின் நிஜம் அங்கே தெரியவே தெரியாது.

கார் ரோட்டைத் தொடுவது நாலே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பிரேக் அடித்தால் எடை முன் டயர்களுக்குப் போகும், பின் டயர்களின் பிடி குறையும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலும் இதே கதைதான், வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரப் பார்க்கும். முன் டயர் பிடியை விடப் போகும் நேரத்தில் ஸ்டீயரிங் கையில் லேசாகும். இந்தக் கணக்கையெல்லாம் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை போட்டு, ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங் வழியாகக் கைக்குச் சொல்வதற்குப் பெயர்தான் சிமுலேஷன். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

சந்தேகம் இருப்பவர்கள் ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலியைப் பார்க்கலாம். 2001-ன் உலக ராலி சாம்பியன் பெயரில் 2004-ல் வந்த கேம். இன்றைய கண்ணுக்கு அதன் மரங்கள் அட்டையில் வெட்டி நட்டது போல இருக்கும். ஆனால் இருபது வருஷம் தாண்டியும் ரசிகர்கள் அதற்குப் புதுப்புது கார்களும் பாதைகளும் செய்து போட்டி நடத்துகிறார்கள். சரளைக்கல்லில் கார் வழுக்கும் விதத்தை அது அத்தனை நேர்மையாகக் காட்டுகிறது. அதே 2004-ல் கிராபிக்ஸுக்காகக் கொண்டாடப்பட்ட கேம்களை இன்று யார் தேடுகிறார்கள்?

எதிர்முகாம் ஒன்று உண்டு. "கஷ்டமா இருந்தாதான் ரியல்" கோஷ்டி. இதுவும் தப்பு. நிஜ டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் பம்பரமாகச் சுற்றுவதில்லை. 1998-ல் வந்த கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ் பலரை அழவைத்தது உண்மை. ஆனால் அது 1967-ன் ஃபார்முலா 1 கார்கள் பற்றியது. நிறைய பவர், றெக்கை கிடையாது, டயருக்குப் பிடியும் கம்மி. அந்தக் கஷ்டத்துக்குக் காரணம் இருந்தது. காரணமே இல்லாமல் வழுக்கும் கேம் கஷ்டமான கேம் இல்லை, மோசமான கேம்.

ஆக, சோதனை ஒன்றுதான். கார் சுற்றிவிட்டது. ஏன் என்று ஓட்டியவருக்குப் புரிகிறதா? அடுத்த லேப்பில் அதே வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் மெதுவாக விட்டால் முடிவு மாறுகிறதா? மாறினால் வாங்கலாம். இல்லையென்றால் அது வெறும் படம்.

"படமும் நிஜத்தில் சேர்த்திதானே?" என்பார்கள். ஓரளவு சரிதான். பிரேக் போட வேண்டிய இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், படம் திக்காமல் ஓட வேண்டும். அதற்கு செட்டிங்கைக் குறைத்தாலே போதும், கடன் வாங்க வேண்டாம்.

காசு விஷயத்திலும் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். 2008-ல் தொடங்கிய ஐரேஸிங்கில் ஆன்லைன் போட்டி ஒழுங்காக நடக்கும். ஆனால் சந்தா கட்ட வேண்டும், அதற்கு மேல் பெரும்பாலான கார்களையும் டிராக்குகளையும் தனித்தனியாக வாங்க வேண்டும். சந்தா நின்றால் காசு கொடுத்து வாங்கிய காரும் ஓடாது! சொந்த வீட்டுக்கு வாடகை கட்டுவது போல. இத்தாலியின் குனோஸ் சிமுலாஸியோனி 2014-ல் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்ஸா அப்படியில்லை. ஒரு தடவை வாங்கினால் போதும். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ரசிகர்கள் செய்த டிராக்குகளும் ஏராளம். கையில் காசு குறைவாக உள்ள மாணவருக்கு அதுவே நல்ல தொடக்கம்.

முதல் காசு ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும். மிச்சம் இருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர்கள் வாங்குவது ரேஸ் கார் அல்ல, ரேஸ் கார் காலண்டர்.

டிஸ்கி: ஸ்டீயரிங்குக்கு இப்போதைக்குக் காசில்லையா? கேம்பேடாவது வாங்குங்கள். கீபோர்டுக்குத் தெரிந்தது முழு பிரேக் அல்லது பிரேக்கே இல்லை, இரண்டே இரண்டுதான்.